கையில் தராத உப்பு

ஞானபாக்கியத்துக்கு ஸ்பானிஷ் வரும். முழுக்க வராது. கொடுப்பது, வாங்குவது, வைப்பது, எடுப்பது, இந்த அளவுக்கு வரும். யாருக்கு, எதை என்று அந்தப் பாஷையில் தடுக்காமல் சொல்லுவாள். ராஜபாளையத்தில் ஒரு மில் கெஸ்ட் ஹவுஸ் அடுப்படியில் நிற்கிற பொம்பளைக்கு இது எப்படி வந்தது என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் என்னைக் கேட்கிறார்கள். நான் அந்த மில்லின் ஜீப் டிரைவர் சமுத்திரம். சாப்பாடு அவள் கையால்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

அவள் பிறந்தது வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில். நாற்று நடவும் களை எடுக்கவும் பழகிய கை. கல்யாணம் ஆகி ராஜபாளையம் வந்தாள். புருஷன் ஐயாதுரை பஞ்சு கோடவுனில் லோடு ஏற்றுகிறவர். ஒரு நாள் பேல் என்கிற பெரிய பஞ்சுப் பொதி சரிந்து முழங்காலில் விழுந்தது. அதற்குப் பிறகு அவரால் பளு தூக்க முடியவில்லை, சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்துவிட்டார். இவள் கல்யாண வீடுகளில் சமையல் மாஸ்டர்களுக்குக் கைவேலைக்குப் போனாள். காய் நறுக்கப் போனவள் கொஞ்ச நாளில் கரண்டி பிடித்தாள். கைப்பக்குவம் அப்படி. வாயும் அப்படித்தான். அவள் சமைத்த பந்தியில் இலையில் உட்கார்ந்தவர் யாராவது குறை சொன்னால் அடுப்படியிலிருந்தே பதில் வரும்.

எங்கள் கெஸ்ட் ஹவுஸில் முதலில் சமைத்தவர் சம்பத்குமார், ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயங்கார். புளியோதரையும் தயிர்சாதமும் அவர் செய்தால் தனி ருசி. எண்பத்தொன்பதில் மில்லுக்கு ஸ்பெயின் நாட்டிலிருந்து புது மெஷின் வந்து இறங்கியது. அதை மாட்டிக் கொடுக்க அந்தோனியோ என்று ஒரு ஆளும் வந்தார். நாங்கள் அந்தோணி என்றே சொன்னோம். வந்த அன்றைக்கே அவர் முட்டை கேட்டார். மறுநாள் கோழி கேட்டார். மூன்றாம் நாள் சம்பத்குமார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

அப்போதுதான் மேனேஜர் காசிராஜன் சார் ஞானபாக்கியத்தைத் தற்காலிகமாக எடுத்தார். மெஷின் ஓடி அந்த ஆள் ஊர் திரும்புகிறவரை அவர் வாயில் குறை என்று ஒரு சொல் வரக்கூடாது, வராவிட்டால் பெர்மனென்ட் என்று சொன்னார். பெர்மனென்ட் என்றால் இ.எஸ்.ஐ. கார்டு. கார்டு இருந்தால் ஐயாதுரையின் முழங்காலைப் பெரிய டாக்டரிடம் காட்டலாம். அந்த முழங்கால்தான் அவளுக்கு எல்லாமும். உப்புப் போடும்போதுகூட அதை நினைத்துக்கொண்டுதான் போடுகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

அந்தோணிக்கு இங்கிலீஷ் ஒரு கைப்பிடி அளவுதான் தெரியும். அதனால் அவரோடு மெஷின் மாட்டுகிற எங்கள் பிட்டர் சேதுபதி மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டபடியே பாஷை படிக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். சேதுபதிக்கு ஏக சந்தோஷம், பாஷைக்காக இல்லை, கோழிக்காக. அந்தோணி மேஜையில் இருப்பதை வைத்தே பாடம் நடத்தினார். ஸ்பேனரைக் கேட்கவும் தயிரைக் கேட்கவும் பேச்சு ஒன்றுதானே.

முதல் பாடம் 'தாமெலோ'. எனக்கு அதைக் கொடு என்று அர்த்தம். அதில் 'தா' என்றால் கொடு. பின்னால் நின்று பரிமாறிக்கொண்டிருந்த ஞானபாக்கியம் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "இதப் படிக்கதுக்கா ஒரு பிட்டரு? தான்னா தா. எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும்" என்றாள்.

ஆனால் அது அத்தனை லேசு இல்லை. நான் அடுப்படி வாசலில் தட்டை வைத்துக்கொண்டு கேட்டவரை சொல்லுகிறேன். தா என்பது இன்ஜின். அதன் பின்னால் 'மெ' என்று ஒரு பெட்டி, அதாவது எனக்கு. அதற்கும் பின்னால் 'லோ' என்று ஒரு பெட்டி, அதாவது அதை. ஆள் பெட்டி முன்னால், சாமான் பெட்டி பின்னால். இந்த வரிசை மாறவே மாறாது. மூன்றையும் கொக்கி போட்டு இழுத்தால் தாமெலோ. சாமான் பொம்பளைப் பெயராக இருந்தால் தாமெலா. அங்கே சோறு ஆம்பளை, உப்பு பொம்பளை. ஏன் என்று கேட்டால் அந்தோணிக்கே தெரியவில்லை.

நான் உனக்கு அதைத் தருகிறேன் என்பதற்கு 'தெ லோ தோய்'. இங்கே இன்ஜின் பின்னால் போய்விடும். செங்கோட்டை மலையில் ரயிலுக்குப் பின்னால் ஒரு இன்ஜின் கட்டித் தள்ளுவார்களே, அந்த மாதிரி. உனக்கு, அதை, தருகிறேன். நம் பேச்சு மாதிரியேதான். ஞானபாக்கியத்துக்கு இது உடனே பிடித்துக்கொண்டது.

அவளுக்கு ஒரே ஒரு குறை. எல்லாம் நீ, வா, போ என்று இருக்கிறது, ஒரு விருந்தாளியிடம் எப்படி அப்படிப் பேசுவது? சேதுபதி மூலம் கேட்கச் சொன்னாள். மரியாதைக்கும் சொல் உண்டு என்று அந்தோணி சொன்னார். உங்களுக்கு என்பதற்கு 'செ'. சிக்கல் என்னவென்றால் அவனுக்கு, அவளுக்கு என்பதற்கும் அதே 'செ' வந்து நிற்கும். பின்னே ஆளை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், கடைசியில் 'ஆ எல்' என்று சேர்த்தால் அவனுக்கு, 'ஆ எய்யா' என்று சேர்த்தால் அவளுக்கு. மோவாயால் காட்டுகிற மாதிரி. அன்றிலிருந்து ஞானபாக்கியம் ஸ்பானிஷில் எல்லோருக்கும் மரியாதைதான். தமிழில் ஏலே சேதுபதி என்று அதட்டுகிறவள், ஸ்பானிஷில் அவனுக்கு உங்களுக்கு என்று சோறு போட்டாள். அவன் நெளிந்தான்.

இப்படி மேஜை கலகலவென்று ஓடியது. உருளைக்கிழங்கையும் முட்டையையும் போட்டு அவர்கள் ஊர்ப் பண்டம் ஒன்றை அவர் கையைக் காட்டிக் காட்டிச் சொல்ல, இவள் அதை அடை மாதிரி மொத்தமாகச் சுட்டுவைத்தாள். அந்தோணி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

பிறகு ஒரு வாரம் அவர் முகம் சரியில்லை. தட்டில் பாதி அப்படியே இருந்தது. அடுத்த நாள் மேஜைக்கே வரவில்லை. ரூமில் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார். ஞானபாக்கியம் ரசத்தைக் குறைத்துப் பார்த்தாள், காரத்தைக் குறைத்துப் பார்த்தாள், கோழியை வேறு கடையில் வாங்கிவரச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் விசாரித்ததற்கு அவர் தன் இங்கிலீஷில், அந்த அம்மா எனக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? சாப்பாடு போடாமல் மிச்சம் பிடிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

அவள் அழவில்லை. அடுப்படிக்கு வந்து அம்மிக்குழவியைக் கழுவி வைத்தாள். "சட்டி சட்டியா வடிச்சுப் போட்டேன் அண்ணே. குடுக்கலயாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு வேலை. அந்தோணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக் காட்ட வேண்டும். அப்படியே சம்பத்குமாரைப் பார்த்துத் திங்கட்கிழமை வரச்சொல்ல வேண்டும். அவள் வேலைக்கு வேறு ஆளைக் கூட்டிவர நானே ஜீப் ஓட்டிக்கொண்டு போனேன். கியர் கூட சரியாக விழவில்லை.

சம்பத்குமார் வீட்டுக்கு முதலில் போனேன். முட்டை வாசம் போனபிறகு சொல்லியனுப்பும், அதுவரை என்னை விட்டுடுங்கோ என்று அவர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். எனக்கு அது பெருமாளே சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் அவர் வராவிட்டால் இன்னொருத்தர் வருவார், அவ்வளவுதான்.

கோபுரம், தேர் எல்லாம் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் பால்கோவா வாங்க நின்றோம். கடைக்காரர் சூடாகக் கொஞ்சம் இலையில் எடுத்து, ருசி பாரும் என்று அந்தோணியின் உள்ளங்கையில் வைத்தார். அந்தோணி சாப்பிடவில்லை. கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"மெ லோ தா என் லா மானோ. எய்யா, நோ."

மானோ என்றால் கை. ஸ்பேனர் கேட்கும்போது தினம் காதில் விழுகிற சொல். இவர் எனக்கு அதைக் கையில் தருகிறார், அவள் தருவதில்லை. நான் பேந்தப் பேந்த விழித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். 'ஆ எல் செ லோ தா. ஆ மீ நோ மெ லோ தா.' அவனுக்குத் தருகிறாள், எனக்குத் தருவதில்லை. அவன் என்றால் சேதுபதி. சேதுபதிக்கு மட்டும் என்ன கொடுத்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். சேதுபதி எப்போதும் அவசரக்காரன், எழுந்து நின்றுகொண்டே மோர் கேட்பான். டம்ளரை அவன் கையில் கொடுப்பாள். அந்தோணி அடிக்கடி கையை நீட்டிக் கேட்டது உப்பு. அடுத்தது மாம்பழம் நறுக்கக் கத்தி.

மில் கேட்டுக்கு வந்து பிரேக் போடும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தோணியிடம் ஊரில் யாரோ, இந்தியாவுக்குப் போனால் உன்னைக் கீழாக நினைத்துக் கையால் தொடமாட்டார்கள் என்று ஓதி அனுப்பியிருக்க வேண்டும். மனுஷன் கை நீட்டுகிறார், இவள் அந்தக் கையைத் தாண்டிக் கிண்ணத்தை மேஜையில் வைக்கிறாள். நாள் தவறாமல்.

அடுப்படிக்கு நேரே போய்ச் சொன்னேன். ஞானபாக்கியம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உப்பையும் கத்தியையும் கையில குடுத்தா ரெண்டு பேருக்கும் சண்ட வரும்னு யாருக்குத் தெரியாது? அவிய நம்மகூட நல்லா இருக்கணும்னுதான அண்ணே வச்சேன். குடுத்தாத்தான் சண்டம்பாக. குடுக்காமலே வந்துருச்சே" என்றாள்.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவினாள். உருளைக்கிழங்கு முட்டை அடையைச் சுட்டாள். சேதுபதியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். அந்தோணியின் ரூம் கதவைத் தட்டி, ஒரே ஒரு தடவை மேஜைக்கு வாருங்கள் என்று கையால் காட்டினாள். அவர் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

உப்புக் கிண்ணத்தை அவர் எதிரில் வைத்தாள். உப்பைக் காட்டி, அவர் கையைக் காட்டி, தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாள். "நோ செ லா தோய் என் லா மானோ." உங்களுக்கு அதைக் கையில் தரமாட்டேன். அது வரைக்கும் சரியாகத்தான் சொன்னாள். ஏன் என்பதற்கு அவளிடம் சொல் இல்லை. சண்டைக்கு ஸ்பானிஷில் என்ன என்று சேதுபதியைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷில் நட்டும் போல்ட்டும்தான் இருந்தன. அந்தோணி முகம் இன்னும் கறுத்தது. தரமாட்டேன் என்று நேருக்கு நேராகவே சொல்லிவிட்டாளே.

"அண்ணே, கைய நீட்டுங்க" என்றாள் என்னிடம்.

நீட்டினேன். ஒரு பிடி உப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். இத்தனை மாதம் அவள் கையால் சாப்பிட்டவன், எனக்கே உடம்பு சிலிர்த்தது. அடுத்த கணம் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நடிப்புக்குத்தான். ஆனால் வெறுமனே உலுக்க அவளுக்கு வரவில்லை, பேச்சும் சேர்ந்து வந்தது.

"ஜீப்புச் சாவிய மாவுச்சட்டி மேல போடாதீகன்னு எம்புட்டு தடவ சொல்லுதேன்? காது என்ன அடைச்சா போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. நானும் நடிப்பாக ஆரம்பித்து, "ஆமா, நீ வைக்கிற புளிக்கொழம்புக்குச் சாவியே தேவல. ஒரு கைப்பிடி புளிய அள்ளிப் போட்டா அது கொழம்பா?" என்றேன்.

"அந்தக் கொழம்பத்தான் மூணு தரம் வாங்கி ஊத்துதீக."

"வேற கதியில்லாம ஊத்துதேன்."

அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று எழுத முடியாது. நான் அடுப்படியில் வைத்துப் பீடி குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அவள் என் துணியை அடுப்புத் துடைக்க எடுத்ததெல்லாம் வெளியே வந்தது. அவள் குரல் நிஜமாகவே உயர்ந்தது, எனக்கும் நிஜமாகவே மூச்சு வாங்கியது. சேதுபதி தட்டைக் கீழே வைத்துவிட்டு நடுவில் புகுந்தான். "யக்கா, விடுங்கக்கா, அவருக்கு விளங்கியிருக்கும்" என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அந்தோணி என் கையிலிருந்து தரையில் சிந்திய உப்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "பெலேயா?" என்று கேட்டார். இரண்டு முஷ்டியையும் மோதிக் காட்டினார்.

"பெலேயா" என்றாள் ஞானபாக்கியம், மூச்சு வாங்க. தன்னையும் அவரையும் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "செ லா போங்கோ." உங்களுக்கு அதை வைக்கிறேன். மேஜையைத் தட்டிக் காட்டினாள்.

மனுஷன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். பர்ஸை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். கல்யாணப் போட்டோ. பெண்டாட்டிக்குப் பக்கத்தில் கறுப்பு உடுப்பில் கனமாக ஒரு அம்மா நின்றது. பெண்டாட்டியைப் பெற்றவள். அவர் உப்புக் கிண்ணத்தை எடுத்தார். அந்த அம்மா மாதிரியே இடுப்பை ஆட்டிக்கொண்டு போய் அதை மேஜையில் டொக்கென்று வைத்தார். கை நீட்டுகிற மருமகனை விரலை ஆட்டித் திட்டினார். பிறகு நாற்காலியில் விழுந்து கண்ணீர் வரச் சிரித்தார். அங்கேயும் அந்த மாமியார் உப்பைக் கையில் கொடுக்கமாட்டாளாம். இவர் இத்தனை வருஷம் அதைக் கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அந்த அடை முழுவதையும் அவரே சாப்பிட்டார். நடுவில் தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினார். ஞானபாக்கியம் டம்ளரை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் சம்பத்குமாரைத் தேடிக்கொண்டு வந்தார். அங்கே ஞானபாக்கியம் பரிமாற, அந்தோணி பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்ன சார், கொடுக்கவில்லை என்று சொன்னீர்களே என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். நோ பிராப்ளம், மதர் இன் லா என்றார் அந்தோணி. மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை முறைத்துவிட்டுப் போனார். வேலை அப்படியே தொடர்ந்தது, ஆனால் பெர்மனென்ட் பற்றிப் பேச்சே இல்லை. அவளும் கேட்கவில்லை. குறை என்ற சொல் ஒரு தடவை வந்துவிட்டதே, அதனால் வாயைத் திறக்கப் பயம்.

ஐப்பசி மழையில் மெஷின் ஓடத் தொடங்கியது. அந்தோணி ஊருக்குக் கிளம்புகிற அன்று மதியம் மேனேஜரும் மேஜையில் உட்கார்ந்தார். கோழி, அடை, ரசம், தயிர், எல்லாம் உண்டு. சாப்பிட்டு முடித்து அந்தோணி கை கழுவி வந்தார். மேனேஜரைப் பார்த்து, இங்கிலீஷைத் தேடாமல், தன் பாஷையிலேயே நிறுத்திச் சொன்னார்.

"எல் புவெஸ்தோ, தேசெலோ ஆ எய்யா."

மேனேஜர் சேதுபதியைப் பார்த்தார். சேதுபதி வாய் நிறையத் தயிர்சாதம். நான் ஞானபாக்கியத்தைப் பார்த்தேன். கரண்டி அப்படியே நின்றது. முதல் சொல் அவளுக்குத் தெரியாது. ஆனால் அடுத்தது மரியாதையாகக் கேட்கிற 'கொடுங்கள்', யாருக்கு என்பதும் கடைசியில் பளிச்சென்று இருந்தது. ஆ எய்யா. அவளுக்கு. அந்த மேஜையைச் சுற்றி இருந்தது ஒரே ஒரு பொம்பளை.

"என்னம்மா சொல்லுதாரு?" என்றார் மேனேஜர்.

"எனக்கென்ன தெரியும் சார், சேதுபதிகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். பாத்திரங்கள் தேவையில்லாமல் உருண்டன.

சேதுபதி விழுங்கிவிட்டுச் சொன்னான். "அந்த வேலைய அக்காவுக்கே குடுத்துருங்கன்னு சொல்லுதாரு சார்."

"நான் எப்பக் குடுக்கமாட்டேன்னு சொன்னேன்" என்று மேனேஜர் தயிரைப் பிசைந்தார்.

சாயங்காலம் ஜீப்பை எடுக்கும்போது அவள் ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். உப்பும் உண்டு, மிளகாயும் உண்டு. அந்தோணி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஜீப்பின் பானட்டை மோவாயால் காட்டினார். அவள் பானட்டில் வைத்தாள். அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

தை மாதம் பெர்மனென்ட் ஆனது. ஐயாதுரை முழங்காலை இ.எஸ்.ஐ.யில் பார்த்தார்கள். பேல் தூக்க முடியாது, ஆனால் சைக்கிள் மிதிக்கிறார். போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பின எங்கள் கூட்டத்தோடு, சர்ச்சுக்குப் போகிற ஆள், கோயிலுக்குள் வராவிட்டாலும் மலைப்படி ஏறுகிறேன் என்று வந்தார், ஏறினார். பிறகும் இரண்டு மூன்று தடவை ஸ்பெயின் ஆட்கள் வந்து போனார்கள். உப்புக் கேட்டுக் கை நீட்டினால் ஞானபாக்கியம் மேஜையைத் தட்டி, செ லா போங்கோ என்பாள். இப்போது அவர்கள் அதற்குக் காரணம் கேட்பதும் இல்லை, அங்கே போய் அந்தோணி சொல்லியிருப்பார் போல.

எனக்கும் அவளுக்கும்தான் இன்னும் தீரவில்லை. நேற்றுக்கூடச் சாவியை எங்கே வைத்தேன் என்பதற்காக ஒரு மணி நேரம் கத்தினாள். நானும் புளிக்குழம்பை விடவில்லை. அன்றைக்கு என் கையில் வைத்த உப்பு அது.